கரும்புக் காட்டுக்குள் சைக்கிள்: மொரீஷியஸ் வடக்குச் சமவெளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரி. கல்யாணமாகி மொரீஷியஸுக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. வடக்கே குட்லாண்ட்ஸ் என்ற ஊரில் குடியிருக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வாய்க்கால் கரையோடு பள்ளிக்கூடம் போய் வந்தவள். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்த மறு மாசமே ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிட்டேன். முதல் வாரம் கடற்கரைச் சாலையில் ஓட்டினேன். சுற்றுலா வேன், டாக்ஸி, பஸ் எல்லாம் முழங்கையை உரசிக்கொண்டு போயின. வெளிறிப்போய் வீடு திரும்பியவளைப் பார்த்த மாமனார், "உனக்கு எதுக்கு ரோடு? என்கூட வா" என்று கரும்புக் காட்டுக்குள் கூட்டிப்போனார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அன்றிலிருந்து நான் ரோட்டுக்கு வருவது பெரும்பாலும் குறுக்கே கடப்பதற்குத்தான்.

ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள், சிநேகிதிகள், சிநேகிதிகளின் சிநேகிதிகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள். தனித்தனியாகப் பதில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்ததால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மொரீஷியஸ் எரிமலைத் தீவாயிற்றே, சமதளம் எங்கே இருக்கிறது?

வடக்கே இருக்கிறது. தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் சுமார் 45. நடுவில் மேட்டு நிலம், அதைச் சுற்றி உடைந்த பல் மாதிரி மலைகள். மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். தலைநகர் போர்ட் லூயிக்கு வடகிழக்கே பாம்பிள்மூஸ் தாண்டியதும் மலை பின்வாங்கிவிடும். அங்கிருந்து காப் மாலெரோ முனைவரைக்கும், கிழக்கே புத்ர் தோர், ரிவியேர் து ராம்பார் பக்கமும் நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிந்துகொண்டே போகும். தஞ்சாவூர் போலத் தாம்பாளத் தட்டையா என்றால் இல்லை. உட்கார்ந்தபடியே ஏறிவிடக்கூடிய சின்னச் சின்ன ஏற்றங்கள் உண்டு. கியர் இல்லாத சைக்கிளிலேயே மாமா இதெல்லாம் ஓட்டியிருக்கிறார்.

வண்டியே வராத பாதை என்கிறீர்களே, அது என்ன பாதை?

கரும்பு வயல்களுக்கு நடுவே ஓடும் மண் பாதைகள். வயலை இங்கே கிரியோல் மொழியில் 'கரோ கான்' என்பார்கள். ஒவ்வொரு வயல் துண்டையும் சுற்றி, வெட்டிய கரும்பை வெளியே கொண்டுவர டிராக்டர் போகிற அகலத்தில் ஒரு பாதை விட்டிருப்பார்கள். ஒன்றோடொன்று சதுரங்கக் கட்டம் மாதிரி இணைந்திருக்கும். வெட்டு நடக்கும் மாதங்களில்தான் அதில் வண்டி வரும். மற்ற நாளில் ஒரு காவற்காரர், மாட்டுக்குத் தீனி அறுக்கிற ஒரு பாட்டி, கீரிப்பிள்ளை, அவ்வளவுதான்.

இந்தப் பாதைகளுக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது. சுற்றுலாப் புத்தகத்தில் வராது. செல்போன் வரைபடத்தில் சாம்பல் கோடாகத் தெரிந்தாலும், பாதியில் நின்றுபோகும். அதனாலேயே இங்கே வருகிறவர்களில் பலர் கடற்கரைச் சாலையில் புகை குடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, "மொரீஷியஸ் சைக்கிளுக்கு லாயக்கில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். நூறு மீட்டர் உள்ளே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

போகும் வழியில் வயலுக்கு நடுவே கருங்கல்லைக் குவித்துக் கட்டிய மேடைகள் வரும். சில இடத்தில் படிப்படியாகப் பிரமிடு மாதிரியே இருக்கும். யாரோ ஆதி மனிதர் கட்டிய கோயில் என்று கதை சொல்கிறவர்களும் உண்டு. அது எரிமலைக் கல். கரும்பு நட நிலத்தைச் சுத்தம் செய்தபோது பொறுக்கிப் போட இடமில்லாமல் அங்கேயே அடுக்கிய கல். அந்த வேலையைப் பெரும்பாலும் கையால் செய்தவர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1834 நவம்பரில் அட்லஸ் என்ற கப்பலில் வந்த முதல் 36 பேர் வேலைக்குப் போன ஆந்த்வானெட் தோட்டம் இந்தச் சமவெளியில்தான் இருந்தது. அவர்கள் தமிழர்கள் அல்ல, வடக்கே சோட்டா நாக்பூர் பக்கத்து மலைச்சாதியினர். தமிழர்கள் அதற்கும் நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், கொத்தனாராகவும் தச்சராகவும் புதுச்சேரியிலிருந்து வந்துவிட்டார்கள். பிறகு கூலியாகவும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கல்மேட்டின் நிழலில் சைக்கிளைச் சாத்தித் தண்ணீர் குடிக்கும்போது ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள். நான் தூக்கிப் பார்த்து, தூக்க முடியாமல் வைத்துவிட்டேன்.

அது தனியார் நிலம்தானே? யாராவது விரட்டினால்?

தனியார் நிலம்தான். பெரும் பகுதி தோட்டக் கம்பெனிகளுடையது, மீதி சின்ன விவசாயிகளுடையது. சங்கிலி போட்டிருந்தாலோ, 'ப்ரொப்ரியேத்தே ப்ரிவே' என்று பலகை இருந்தாலோ உள்ளே போகாதீர்கள். அந்தச் சொல்லுக்குத் தனியார் சொத்து என்று பொருள். பலகையில்லாத பாதையில் ஊர்க்காரர்கள் நடந்தும் சைக்கிளிலும் போய்வருவது வழக்கம். யாராவது எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்குங்கள். ஏறி உட்கார்ந்தபடி பேசுவது எந்த ஊரிலும் மரியாதையில்லை. பெரியவராக இருந்தால் "போன்ஜூர் தோந்தோன்", பெண்ணாக இருந்தால் "போன்ஜூர் தாந்தின்". மாமா, அத்தை என்பதற்குச் சமம். பிறகு "எஸ்கி மோ கபாவ் பாஸே?" என்று கேளுங்கள். 'நான் போகலாமா?' என்று அர்த்தம். ஒன்பது வருஷத்தில் எனக்கு இரண்டு தடவைதான் முடியாது என்று பதில் வந்தது. இரண்டு தடவையும் உள்ளே மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். களைக்கொல்லி நாற்றம் வந்தால் யாரும் சொல்லாமலே திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று: ஒரு கரும்பு ஒடித்துக் கடிக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். கேட்டால் காவற்காரரே வெட்டிக் கொடுப்பார். கேட்காமல் ஒடித்தால் அது திருட்டு, அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கும் சேர்த்துப் பாதையை மூடுவார்கள்.

எந்த மாதம் வரலாம்?

காலண்டரைப் பார்க்காதீர்கள், கரும்பைப் பாருங்கள்.

இங்கே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். குளிர் என்றால் காலையில் ஒரு மெல்லிய சட்டை கூடப் போட்டுக்கொள்கிற குளிர்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும் புயலும்.

மே, ஜூனில் கரும்பு இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். பூ எடுத்துவிடும். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த அந்தப் பூ காலை வெயிலில் வெள்ளியாக மினுங்கும்போது நடுவில் ஓட்டுவது ஒரு சுகம். பாதை சந்து மாதிரி, இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். காற்று உள்ளே வராது, அடுத்த திருப்பம் தெரியாது. சோகை, அதாவது கரும்பு இலை, முழங்கையை அறுக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசி வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை வெட்டு. ஒரு வயல் இன்று, பக்கத்து வயல் நாளை என்று ஒவ்வொரு துண்டாகத் திறந்துகொண்டே போகும். நேற்றுச் சுவராக இருந்த இடத்தில் இன்றைக்கு மலை தெரியும், கடல் தெரியும். ஊரின் வடிவம் தினமும் மாறுகிறதைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் காலம். ஆனால் இதே மாதங்களில்தான் டிராக்டரும், பின்னால் பெட்டி கோத்த லாரியும் பாதைக்கு வரும். பாரம் ஏற்றிய வண்டிக்கு நின்று திரும்புவது கஷ்டம். அதன் சத்தம் கேட்டவுடனே நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அதுவும் வெட்டாத பக்கமாக இல்லாமல் வெட்டிய பக்கமாக. ஞாயிற்றுக்கிழமை வயலில் நடமாட்டம் குறைவு. வெட்டுக் காலத்தில் நான் பெரும்பாலும் ஞாயிறு மட்டும்தான் உள்ளே போகிறேன்.

வெட்டிய கட்டையிலிருந்து கரும்பு மறுபடி துளிர்க்கும், நம் ஊரில் மறுதாம்பு என்போமே, அதுதான். ஒரு தடவை நட்டால் பல வருஷம் வெட்டலாம். அக்டோபரில் ஒரு பக்கம் முழங்கால் உயரத் துளிர், ஒரு பக்கம் வெட்டாத காடு, ஒரு பக்கம் சருகு. என்னைக் கேட்டால் செப்டம்பர், அக்டோபர்தான் சைக்கிளுக்கு உத்தமமான மாதங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் எச்சரிக்கையை 1 முதல் 4 வரை எண் போட்டு அறிவிப்பார்கள். 1 வந்தாலே நான் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றிவிடுவேன். அந்தக் காலத்தில் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஒரு பிப்ரவரியில் மூன்று கிலோமீட்டர் சைக்கிளைத் தோளில் சுமந்து வந்தேன். மாமா வாசலில் நின்று பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

சமதளம் என்றால் சுலபம்தானே?

காற்று இருக்கிறதே! இந்தத் தீவில் வருஷம் பூராவும் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. வெட்டிய வயலில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. மேடே இல்லாத இடத்தில் மலை ஏறுகிற மாதிரி மிதிக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரே விதி: காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது தென்கிழக்காகப் போங்கள், திரும்பும்போது காற்று முதுகில் தள்ளட்டும். காலை பத்து மணிவரை காற்று அடங்கியே இருக்கும். தலைகீழாகத் திட்டம் போட்டவர்கள் மாலையில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, "அண்ணனைக் காரோடு அனுப்புங்க அக்கா" என்றிருக்கிறார்கள்.

உள்ளே வழி தப்பிப் போனால்?

தப்பத்தான் செய்யும். நெட்டையான கரும்புக்குள் எல்லாப் பாதையும் ஒன்று போலவே இருக்கும். எனக்கு முதல் வருஷம் பெரிய குழப்பம் சூரியனால் வந்தது. நம் ஊரில் மத்தியான வெயில் பெரும்பாலும் தெற்கே சாய்ந்து நிற்கும். இங்கே குளிர்காலத்தில் அது வடக்கே நிற்கும். பழக்கத்தில் சூரியனைத் தெற்கு என்று எண்ணி ஒரு மணி நேரம் எதிர்த்திசையில் ஓட்டியிருக்கிறேன்.

மாமா சொல்லிக்கொடுத்தது மலைக் கணக்கு. தெற்கே பார்த்தால் உச்சியில் ஒரு உருண்டைக் கல்லைத் தலை மாதிரி வைத்துக்கொண்டு ஒரு சிகரம் நிற்கும். அது பீட்டர் போத், 820 மீட்டர். 1615-இல் இந்தத் தீவுக் கரையில் கப்பல் உடைந்து மூழ்கி இறந்த டச்சுக் கவர்னர் ஜெனரலின் பெயர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தேவதைகளைப் பார்த்ததை வெளியே சொல்லிக் கல்லாகிப்போன பால்காரன். பக்கத்திலேயே கட்டைவிரலை நீட்டியது மாதிரி இருப்பது லெ பூஸ். 1836-இல் இங்கே வந்த சார்லஸ் டார்வின் அதில் ஏறியிருக்கிறார். பால்காரன் தலை முதுகுப் பக்கம் இருந்தால் நீங்கள் வடக்கே போகிறீர்கள், கடல் வரும். முகத்துக்கு நேரே இருந்தால் தெற்கு. கடலுக்குள் ஆப்பு மாதிரி சரிந்து நிற்கும் க்வான் தெ மீர் தீவு தெரிந்தால் வடக்கு முனைக்கு வந்தாயிற்று. கரும்பு மறைத்தால் கல்மேட்டில் ஏறிப் பாருங்கள். பழைய ஆலைகளின் கல் புகைபோக்கிகளும் நல்ல அடையாளம். ஆலை போய்விட்டது, புகைபோக்கி மட்டும் அரசமரம் முளைத்து நிற்கும்.

எப்படியும் எந்தத் திசையிலும் சில கிலோமீட்டருக்குள் ஒரு ஊர் வந்தே தீரும்.

ஒரு நாள் வழி ஒன்று சொல்லுங்களேன்.

எனக்குப் பிடித்தது காப் மாலெரோவிலிருந்து புத்ர் தோர். போக வர சுமார் 35 கிலோமீட்டர். வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு காலைப் பொழுது. நான் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வேன்.

காப் மாலெரோவில் கடலை ஒட்டிச் சிவப்புக் கூரை போட்ட சின்ன மாதாகோயில் இருக்கிறது. ஏழு மணிக்குள் அங்கே போய்விடுங்கள், அதற்குப் பிறகு பஸ் பஸ்ஸாகப் படம் எடுக்க வருவார்கள். 1810 நவம்பரில் ஆங்கிலேயர் படை இந்த வடக்குக் கரையில் இறங்கித்தான் தீவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது. அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள்.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் கிழக்கே போனால் வலப்பக்கம் கரும்புப் பாதைகள் தொடங்கும். சாலை கண்ணுக்கு மறைகிற அளவு உள்ளே போய், கடலுக்கு இணையாக ஓட்டுங்கள். க்ரான் கோப் வரும். மீனவர் ஊர், சவுக்கு நிழல், படகு. காலையில் போனால் மீன் இறங்குவதைப் பார்க்கலாம். அங்கே தெற்கே திரும்பினால் எங்கள் ஊர் குட்லாண்ட்ஸ். ஊருக்குள் நெரிசல்தான், இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடுங்கள், கடைத்தெருவில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஊர் தாண்டியதும் மறுபடி கரும்பு. சில இடங்களில் சக்கரம் வைத்த நீளமான நீர்ப்பாசனக் குழாய் வயலைச் சுற்றி வந்து பாதையையும் நனைத்துவிட்டுப் போகும். நனையாமல் கடக்க அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வெயில் நாளில் நான் பார்ப்பதில்லை.

கடைசியில் புத்ர் தோர். இதன் கடல் பக்கம்தான் 1744-இல் சேன் ஜெரான் என்ற பிரெஞ்சுக் கப்பல் பவளத்திட்டில் மோதி மூழ்கியது. அது கொண்டுவந்த சரக்கில் சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்களும் இருந்தன. அவ்வளவு தூரம் கரும்புக்குள்ளேயே ஓட்டி வந்து அந்தக் கடலைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பு வரும். இயந்திரம் மூழ்கியும் கரும்பு நிற்கவில்லையே.

திரும்பும்போது காற்று உங்கள் பக்கம். ஜூன், ஜூலையில் மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், வெளிச்சமும் சட்டென்று போய்விடும். நான்கு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

வேறு வழி?

பாம்பிள்மூஸிலிருந்து பீத்தோன் பக்கம். பாம்பிள்மூஸ் தோட்டத்தில் தாம்பாளம் தாம்பாளமாக மிதக்கும் ராட்சத அல்லி, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்து மடியும் தாளிப்பனை எல்லாம் இருக்கின்றன. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டுப் போங்கள். அருகே போ பிளானில் 1999 வரை ஓடிய ஆலையைச் சர்க்கரை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். வயலில் ஓட்டுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டால் பாதையில் பார்க்கிறதெல்லாம் புரியும்.

கிழக்கே ப்ரா தோ தேசியப் பூங்கா இருக்கிறது, 2011-இல் அறிவித்தார்கள். அதுவும் ஒருகாலத்தில் கரும்புத் தோட்டம்தான். இப்போது காட்டுக்குள் ஆலையின் இடிபாடும் சுண்ணாம்புக் காளவாயும் கிடக்கின்றன. உள்ளே சைக்கிளுக்கு எந்தப் பாதை என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ரயில் பாதையில் ஓட்டலாமாமே?

ஓட்டலாம் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. 1864-இல் வடக்கு ரயில் பாதை திறந்தார்கள். போர்ட் லூயியிலிருந்து பாம்பிள்மூஸ், பிளாக் வழியாகக் கிழக்குக் கரை வரை. 1956-இல் பயணிகள் வண்டி நின்றது, 1964-இல் எல்லாமே நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தாயிற்று. இன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் மிச்சம்: ஒரு கல் பாலம், கரும்புக்கு நடுவே நேர்கோடாகப் போகும் ஒரு மேடு, திடீரென்று ஒரு வீட்டுச் சுவர். ஐரோப்பாவில் செய்கிற மாதிரி முழுப் பாதையையும் சைக்கிளுக்கு விட்டிருந்தால் இந்தப் பக்கத்தை நான் எழுதவே வேண்டியிருந்திருக்காது.

எந்த சைக்கிள் நல்லது?

டயர் அகலமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம். பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் எரிமலைக் கல்லில் அரை மணி நேரம் தாங்காது. 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் நிம்மதி. காற்றைக் கல் மாதிரி அடிக்காமல் கட்டைவிரலால் அமுக்கினால் சற்றே அமுங்குகிற அளவுக்கு வையுங்கள். கூடவே இரண்டு டியூப், பம்பு, ஒட்டுப்பொட்டலம். கடலோர வறண்ட பக்கங்களில் நம் ஊர்க் கருவேலமுள் இங்கேயும் உண்டு, அதே குணத்தோடு.

வாடகை சைக்கிள் க்ரான் பேயில் கிடைக்கும். எடுக்கும் முன்னால் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் பேச்சை நம்பி எடுத்த ஒரு வண்டியில் பின் பிரேக்கே இல்லாமல் என் தங்கச்சி க்ரான் கோப் இறக்கத்தில் சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சைக்கிளை பஸ்ஸில் ஏற்றலாமா?

முடியாது. மடக்கு சைக்கிளென்றால் நடத்துநர் மனசைப் பொறுத்தது.

சாப்பாடு, தண்ணீர்?

வயலுக்குள் ஒன்றும் கிடைக்காது. இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஊருக்குள் வந்துவிட்டால் கவலையில்லை. டால் பூரி என்று மெல்லிய ரொட்டியைச் சோடியாக மடித்துப் பீன்ஸ் கறி வைத்துத் தருவார்கள், நின்றபடி சாப்பிட்டுக் கிளம்பலாம். 'காத்தோ பிமான்' என்று கேட்டால் வருவது நம் பருப்பு வடையின் தம்பி. சில இடங்களில் காலையில் புட்டு விற்பார்கள், பெயரும் 'புத்து'தான். காய்கறிக் கடையில் 'பிபாங்காய்' என்றால் பீர்க்கங்காய், 'முரும்' என்றால் முருங்கைக் கீரை. முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசியாகவும் இருந்திருக்கலாம்.

பாம்பு?

அம்மாக்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மனுஷரைக் கொல்கிற விஷப்பாம்பு இந்தத் தீவில் கிடையாது. கரும்புக் காட்டுக்குள் பயமில்லாமல் கால் வைக்கலாம் என்பதை நம்புவதற்கு எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

பயப்பட வேண்டியது மஞ்சள் குளவிக்கு. சோகைக்கு அடியில் கூடு கட்டியிருக்கும், தோள் பட்டால் கூட்டமாக வரும். பாதையின் நடுவிலேயே ஓட்டுங்கள், ஓரத்துக் கரும்பை உரசாதீர்கள். பிறகு நாய். ஊர் எல்லைகளில் தெரு நாய்கள் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து நடந்தால் அலுத்துப்போய் விட்டுவிடும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

நான் போகிறேன். ஆனால் வெட்டாத நெட்டைக் கரும்புக்குள் தனியாகப் போவதில்லை, துணையோடுதான். வெட்டிய பகுதியில், பகலில், எந்த வழி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் போவேன். தொல்லை என்று இதுவரை எதுவும் நேரவில்லை. இருந்தாலும் யாரும் பார்க்க முடியாத இடம் என்பது யாரும் பார்க்க முடியாத இடம்தான். அவசரத்துக்குப் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114.

ரோட்டில் ஓட்டியே ஆக வேண்டிய இடத்தில்?

இங்கேயும் இடப்பக்கம்தான், பழகத் தேவையில்லை. சாலைகள் குறுகல், பல இடத்தில் ஓரமே கிடையாது, இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்கால். போர்ட் லூயி – க்ரான் பே நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள். மற்ற ரோட்டில் மஞ்சள் சட்டையும் பின் விளக்கும் பகலிலும் இருக்கட்டும்.

தமிழ் பேசினால் புரியுமா?

பெரும்பாலும் புரியாது. வீட்டு மொழி கிரியோல். மாமாவுக்கே தேவாரம் இரண்டு பாட்டு மனப்பாடம், சாப்பாட்டுப் பெயர்கள் தெரியும், என்னிடம் நாலு வாக்கியம் பேசுவார். ஆனால் "வணக்கம்" என்றால் முகம் மலராத தமிழ் வீடு இல்லை. ஒரு தடவை பஞ்சர் ஒட்டிய தாத்தாவுக்கு ரூபாய் நோட்டு நீட்டினேன். அதில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் எழுத்து இருப்பதைத் தொட்டுக் காட்டினார். 1998-இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி நோட்டு அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். தாத்தாவுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். ஒட்டிய காசை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. அன்றைக்குக் காவடி போகும் வழிகளில் சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள், நடங்கள். முடிவில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு போடுவார்கள். யாரென்று கேட்க மாட்டார்கள்.

இந்தப் பாதைகள் இன்னும் எத்தனை காலம் இருக்கும்?

ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த விலையை 36 சதவீதம் குறைத்தது, பழைய ஒப்பந்தமும் 2009-இல் முடிந்தது. அதற்குப் பிறகு சின்ன விவசாயிகள் பலர் கரும்பை விட்டுவிட்டார்கள். ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் இருந்த ஆலைகளில் இப்போது மூன்றுதான் ஓடுகின்றன. விட்ட நிலத்தில் சிலது புதர் மண்டிப் பாதை மூடிக்கொள்கிறது, சிலதில் வில்லா வீடும் வெளிவாசலும் வருகின்றன. கரும்பு வாழ்க்கை சுலபமானது என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் அதை வெட்டியவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். பாதை போவதில் மட்டும் வருத்தம், அது என் சுயநலம்.

போன மாதம் க்ரான் கோப் பக்கம் நாங்கள் வழக்கமாகத் திரும்பும் இடத்தில் புதிதாக ஒரு இரும்பு வேலி முளைத்திருந்தது. மாமா இறங்கி, வேலியோடு இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். இடப்பக்கம் கல்மேட்டைச் சுற்றி ஆள் நடந்த தடம் ஒன்று ஓடியது. இந்த வழியில் போகிறவர்கள் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நூறு அடிதான், ஆனால் முள் இருக்கிறது, டயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.